தேய்த்தே தேய்ந்துபோகும் பூஜைச் சாமான்கள்

புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மஞ்சளாக மின்னாமல் செம்பு மாதிரி சிவந்து போய்விட்டது, இதைத் திரும்ப எப்படி மஞ்சளாக்குவது? ஆடிக்கு முன்னாலும் ஆயுத பூஜைக்கு முன்னாலும் எங்கள் பட்டறையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கடலூர் திருப்பாப்புலியூரில் பாத்திரம் பழுது பார்ப்பது, பாலிஷ் போடுவது, கூடவே கொஞ்சம் விற்பனை என்று ஓடுகிற பிழைப்பு எங்களுடையது. வந்து இறங்கும் பைகளைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும், பூஜைச் சாமான் பாழாவதற்கு அழுக்கைவிட அந்த அழுக்கைப் போக்க வீட்டில் செய்கிற வைத்தியம்தான் பெரிய காரணமாக இருக்கிறது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. நாம் வாங்கும் சாமான்களில் பெரும்பாலும் 100க்கு 60 முதல் 70 பங்கு செம்பு, மீதி துத்தநாகம். புளியில் இருக்கும் அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைக்கிறது, அதுவரை நல்லதுதான். ஆனால் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் அமிலம் கறுப்போடு நிற்காது, செம்பைவிடச் சுலபமாகக் கரையும் துத்தநாகத்தையும் மேல்பரப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்கிற செம்புதான் அந்தச் சிவப்பு. அந்த மேல்தோல் மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்த நிலையில் இருப்பதால், அடுத்த தடவை முன்னைவிடச் சீக்கிரம் கறுக்கும். அது கறுத்துவிட்டதே என்று இன்னும் கொஞ்சம் அதிகப் புளி, இன்னும் கொஞ்சம் அதிக நேரம். இப்படியே போனால் அன்னத்தின் அலகும் விளக்கு முகத்தின் கூரும் மழுங்கி, பாட்டி காலத்து விளக்கு கடைசியில் வெறும் மொட்டைத் தண்டாக நிற்கும்.

புளியாவது பரவாயில்லை. கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் ஒரு நிமிடத்தில் பளிச்சென்று ஆகிறது என்று யாரோ ஒரு வீடியோவில் காட்டியிருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டுச் செய்தவர்களின் விளக்குகள் வாரக்கணக்கில் எங்களிடம் வந்தன. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அந்த ஒரு நிமிடப் பளபளப்பு உண்மைதான், ஆனால் வரி வேலைப்பாட்டின் இடுக்கிலும் மரைக்குள்ளும் தங்கிவிடும் குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து நாளில் பச்சைப் பச்சையாகக் களிம்பு கிளம்பும். போதாக்குறைக்கு சிலர் அதே வாளியில் பிளீச்சிங் பவுடரையும் போடுகிறார்கள். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. மூடிய பாத்ரூமுக்குள் உட்கார்ந்து இதைச் செய்தால் விளக்கைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது, நுரையீரலைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும், கறுப்பைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். நல்லெண்ணெய் சூட்டிலும் காற்றிலும் நாள்பட நாள்படக் கெட்டியாகிப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அந்தப் பிசுக்கின் மேல் புளியைத் தேய்த்தால் புளி உலோகத்தைத் தொடவே தொடாது. நீங்கள் கை வலிக்கத் தேய்ப்பது பிசுக்கைத்தான். விளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றி, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து, பழைய பருத்தித் துணியால் வழித்து எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம். இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ், அல்லது தென்னை ஈர்க்கு. கம்பி நார் கூடவே கூடாது, செங்கல் தூளும் வேண்டாம். மணல் கலந்த சாம்பலும் அதே கோடுகளைத்தான் போடும். அரப்பு, சீயக்காய்த் தூள் போதும், எண்ணெயை நன்றாக இழுக்கும். இவ்வளவுக்குப் பிறகும் கறுப்பு இருந்தால் மட்டும் கரைத்த புளியை, அல்லது எலுமிச்சைச் சாற்றில் குழைத்த அரிசி மாவைத் தடவி, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். உப்பு சேர்க்காதீர்கள். கடைசியாகச் செய்ய வேண்டியதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: உடனே உலர்ந்த துணியால் துடைத்து, மரைக்குள்ளேயும் துடைத்து, காய வைக்க வேண்டும். கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனால் நம் ஊர் போர்வெல் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், அதைப் போக்க மறுபடியும் தேய்ப்பு ஆரம்பிக்கும்.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை தேய்த்தே ஆக வேண்டும் என்று இருக்கும் வீடுகளில் அம்மாக்களிடம் நான் வாதாடுவதில்லை, அது அவர்களுடைய பூஜையின் ஒரு பகுதி. சோப்பு நீரில் கழுவித் துடைப்பதை வாரா வாரம் செய்யுங்கள், புளியும் பவுடரும் பண்டிகைக்கு மட்டும் என்று சொல்லிப் பார்ப்பேன். பஃப் பாலிஷ் விஷயமும் அப்படித்தான். சக்கரத்தில் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு மெல்லிய படலம் போய்விடும், அதனால் வருஷா வருஷம் கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் எங்கள் பட்டறைக்கு வருமானம் குறைந்தாலும் இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

கடற்கரை ஊரில் இருப்பதற்கென்று தனிப் பாடு ஒன்று உண்டு. தேவனாம்பட்டினம், முதுநகர், புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்கள், இங்கெல்லாம் காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு விளக்குகளில் பண்ருட்டிக்குப் போனது நன்றாகவும் தேவனாம்பட்டினத்தில் இருப்பது புள்ளி விழுந்தும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலைப் பார்த்த மாதிரி பூஜை அலமாரி இருந்தால் அதற்குக் கதவு போடுவது நல்லது. மாசி மகத்துக்குக் கலசமும் தாம்பாளமும் எடுத்துப் போய்க் கடல் நீரில் நனைத்து வருபவர்கள், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசித் துடைக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பையிலேயே விட்டால் மறுநாளே பச்சை தெரியும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அந்த டிசம்பர் முழுக்க எங்களிடம் வந்தவை சேற்றில் முழுகிய சாமான்கள்தான். சேறு காய்ந்த பிறகு துணியால் துடைத்தால் அதிலுள்ள மணலே உப்புத்தாள் வேலை செய்துவிடும், ஆகவே முதலில் ஓடும் தண்ணீரில் கரையவிட்டு வழியவிட வேண்டும். நனைந்த மரச் சிற்பங்களை வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் காற்றாட மெதுவாகக் காய வேண்டும். கண்ணாடிச் சட்டத்துக்குள் நனைந்த சாமி படங்களை ஈரத்தோடு இருக்கும்போதே கழற்றிவிடுங்கள், காய்ந்துவிட்டால் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது முகம் போய்விடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். ஒரு சின்னக் காந்தம் கையில் இருக்கட்டும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பின் மேல் முலாம், அல்லது உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது. ஒட்டாததெல்லாம் பித்தளை என்றும் நம்பிவிடக்கூடாது, அலுமினியமும் ஒட்டாது, ஆனால் அதன் எடை பித்தளையில் மூன்றில் ஒரு பங்குதான், கையில் எடுத்தாலே காட்டிக்கொடுத்துவிடும். குத்துவிளக்கை வாங்கும் முன் கடையிலேயே முழுதாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மரை இரண்டு சுற்றிலேயே நின்றுவிட்டாலோ ஆடினாலோ அந்த விளக்கு எண்ணெயும் நெருப்புமாக ஒருநாள் சாயும். பாதம் அகலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும், அழகுக்காக மேலே கனத்தையும் கீழே மெலிவையும் வைத்த டிசைன்கள் இப்போது நிறைய வருகின்றன. அகலில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தால் வார்ப்பில் ஓட்டை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோவில் விளக்குதான் வேண்டும் என்று தேடுபவர்கள் பலர்; நல்ல வேலைப்பாடு, சந்தேகமில்லை, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வேறெங்கோ வார்த்ததை விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் பெயரைவிட மரையையும் பாதத்தையும் நம்புங்கள்.

கடையில் கண்ணைப் பறிக்கிற புதுச் சாமான்களில் கறுக்காமல் இருப்பதற்காக லாக்கர் என்கிற நிறமில்லாத பூச்சு அடித்திருப்பார்கள். அலங்காரத்துக்கு வைக்கும் பொருளுக்கு அது நல்லதே; புளி காட்டாதீர்கள், ஈரத்துணி போதும். ஏற்றப்போகிற விளக்கில் அது இருந்தால் சூட்டில் கருகிப் பழுப்புத் திட்டாக நிற்கும், அதனால் வாங்கும் இடத்திலேயே பூச்சு இல்லாதது கேளுங்கள்.

மணிக்கு வெண்கலம்தான். செம்போடு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக வெள்ளீயம் சேர்ந்தால்தான் அந்த நீண்ட ரீங்காரம் வரும், பித்தளை மணி டக் என்று நின்றுவிடும். அடித்துப் பார்த்து வாங்குங்கள், கீறல் விட்டிருந்தால் கரகரக்கும். வெண்கலம் கெட்டியானது, ஆனால் கீழே போட்டால் உடையும் ஜாதி. தியானத்துக்கென்று புதுச்சேரியில் விற்கும் கிண்ணங்கள் ஏழு உலோகம் என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகின்றன, அவற்றில் நல்லவை பெரும்பாலும் நம் மணி வெண்கலம் மாதிரிச் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவைதான். ஏழு உலோகக் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காமல் சத்தத்துக்குக் கொடுங்கள்.

தீர்த்தப் பாத்திரத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. செம்புச் சொம்பில் வெறும் தண்ணீரும் துளசியும் வைப்பதில் பிரச்சினை இல்லை. தயிர், பஞ்சாமிர்தம், எலுமிச்சை, பழச்சாறு மாதிரிப் புளிப்புள்ள எதுவும் ஈயம் பூசாத செம்பிலோ பித்தளையிலோ நேரம் கழியக் கிடந்தால் உலோகம் அதில் கரையும். குடித்தவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அபிஷேகத்துக்கு வெள்ளியோ எவர்சில்வரோ வைத்துக்கொள்ளலாம், எவர்சில்வரைச் சாமி வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பஞ்சலோகச் சிலைகளில் காரீயம் சேர்ப்பது வழக்கம் என்பதால் அவற்றின் மேல் ஊற்றிய தயிரையும் பஞ்சாமிர்தத்தையும் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து, கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். அப்புறம், ஆரத்திக்கு ஏற்றுகிற கற்பூர வில்லையைத் தீர்த்தத்தில் போடவே போடாதீர்கள், அதற்கு உண்ணத் தகுந்த பச்சைக் கற்பூரம் தனியாக இருக்கிறது, அதுவும் கடுகளவு. கற்பூர டப்பாவைக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் வைக்கக் கூடாது. சின்னக் குழந்தை ஒரு வில்லையை விழுங்கினாலே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வெள்ளிக்கு எதிரி உப்பைவிடக் கந்தகம். காற்றில் கொஞ்சம் கந்தக வாயு இருந்தாலும் வெள்ளி சல்பைடாகிக் கறுத்துவிடும், சாக்கடை ஓரமும் ரசாயன ஆலைகள் பக்கமும் இது வேகமாக நடக்கும். ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி வைத்த வெள்ளிக் கிண்ணத்தில் அந்த ரப்பரின் கோடு அப்படியே கறுப்பாக விழுந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பற்பசை வேண்டாம், அது கீறும். ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளைப் பரப்பி, வெந்நீரும் ஒரு கரண்டி சமையல் சோடாவும் போட்டு, தாளைத் தொடுகிற மாதிரி வெள்ளியை வைத்தால் கறுப்பாகப் போன வெள்ளியே திரும்ப வெள்ளியாகிவிடும், தேய்மானம் கிடையாது. கல் பதித்ததையும், வேண்டுமென்றே இடுக்குகளைக் கறுப்பாக விட்ட வேலைப்பாட்டையும் இப்படிச் செய்யக் கூடாது. வாங்கும்போது ஹால்மார்க் பாருங்கள், 925 என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி; 2025 செப்டம்பர் முதல் தங்கத்தைப் போலவே வெள்ளிக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியான ஆறு இலக்க அடையாளக் குறியீடு, அதாவது எச்.யு.ஐ.டி., வந்திருக்கிறது, கட்டாயம் இல்லை, ஆனால் கேட்டு வாங்கலாம். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை, செம்பு, நிக்கல், துத்தநாகம் அவ்வளவுதான். வெள்ளி விலை சொல்லாத வரைக்கும் அதுவும் நல்ல பொருள்தான்.

ஏமாற்று அதிகம் நடப்பது சங்கில். சாதாரணச் சங்குக்கு எதிர்த் திசையில் சுற்றுகிற உண்மையான வலம்புரிச் சங்கு மிக அரிது. மெக்சிகோ வளைகுடாப் பக்கம் கிடைக்கிற வேறொரு இனத்தின் ஓடு இயல்பிலேயே அந்தத் திசையில்தான் சுற்றும், அங்கே அது சாதாரணப் பொருள், இங்கே வந்தால் வலம்புரி. வாய்க்குள் டார்ச் அடித்து நடுத்தண்டைப் பாருங்கள்: நம் மன்னார் வளைகுடாச் சங்கில் மூன்று நான்கு வரிமடிப்புகள் எடுப்பாகத் தெரியும், அந்த அமெரிக்க ஓட்டில் தண்டு வழுவழுவென்று இருக்கும். எந்தச் சங்கானாலும் எலுமிச்சையும் புளியும் ஆகாது, சங்கு என்பது சுண்ணாம்பு, அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

இணையத்தில் ஹத்தா ஜோடி என்று கைகூப்பின மாதிரி ஒரு வேர் விற்கிறார்கள், செல்வம் சேருமாம். அது வேரே இல்லை, உடும்பின் ஆணுறுப்பைக் காய வைத்தது. இந்திரஜால் என்று சட்டம் போட்டு மாட்டுவது கடல் விசிறி, கறுப்புப் பவளம். எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, வாங்கி வைத்திருப்பவரும் குற்றவாளிதான். பழைய சிலை என்று ஒருவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாலும் அதே எச்சரிக்கை வேண்டும். எந்தக் கோயிலிலிருந்து போனதோ தெரியாது. 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை வீட்டில் பரம்பரையாக இருந்தாலும் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்றை மெருகு போடக் கொண்டுவந்தால் தொடாமலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

அந்தப் பரம்பரைச் சிலையில் வெளிர்ப் பச்சையாக மாவு மாதிரிப் பொடி உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை, வெண்கல நோய். குளோரைடு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், தேய்க்கத் தேய்க்கப் பரவும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியதே அங்கிருந்த செப்புத் திருமேனிகளுக்கு இந்த நோய் வந்ததால்தான். ஈரம் படாமல் உலர்ந்த டப்பாவில் வைத்து, இந்த வேலை தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். எங்களை மாதிரிப் பட்டறையின் பஃப் சக்கரத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

குங்குமத்துக்கு ஒரு சின்னச் சோதனை: மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த குங்குமம் எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளாகும், வெறும் சாயம் சிவப்பாகவே நிற்கும். வில்லியனூர்ச் சுடுமண் அகல்களை ஏற்றும் முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்தால் எண்ணெய் குடிக்காது. மாதா படத்துக்கு முன்னால் சிலுவை வைத்த குத்துவிளக்கும் மெழுகுவர்த்தித் தாங்கியும் வைத்திருக்கும் வீடுகள் இங்கே ஏராளம், வழிந்த மெழுகைக் கத்தியால் சுரண்டாமல் வெந்நீரில் பிடித்தால் தானே கழன்று வரும்.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லாமினேட் அலமாரிக்குள் விளக்கு ஏற்றும்போது சுடருக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, மேல்பலகை, பிளாஸ்டிக் மாலை, சீரியல் பல்பு ஒயர் எல்லாம் அங்கேதான் தொங்கும். விளக்கை முன்னுக்கு இழுத்து, அடியில் ஒரு தாம்பாளம் வைத்து ஏற்றுங்கள். எலி நடமாடும் வீடு என்றால் எரிகிற விளக்கை விட்டுவிட்டுத் தூங்கவோ வெளியே போகவோ கூடாது, எண்ணெயில் ஊறிய திரி அதற்குத் தின்பண்டம், எரிகிற திரியையே துணிமணி இருக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

மரை போன விளக்கையும் விரிசல் விட்ட அகலையும் உடனே எடைக்குப் போட வேண்டியதில்லை, மரை திரும்ப வெட்டலாம், சின்ன ஓட்டையைப் பற்ற வைக்கலாம். முடியவே முடியாது என்று மாற்றப் போனால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பல விளக்குகளின் தண்டுக்குள் இரும்புக் கம்பியும் பாதத்துக்குள் அரக்கும் இருக்கும். உங்கள் பழைய விளக்கை எடை போடும்போது அதையெல்லாம் கழித்துக்கொள்கிற கடைக்காரர், அதே கழிவை நீங்கள் வாங்கும் புது விளக்குக்கும் தர வேண்டும், வாய்விட்டுக் கேளுங்கள்.